"கம்பெனிக்கு அனுப்பலாமா சார்?"

போன வாரம் கண்ணமங்கலம் பஸ் ஸ்டாப்பில் என் பழைய மாணவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். மகள் டிப்ளமோ முடித்திருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய செல்போன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். "அனுப்பலாமா சார்?" என்றார். வரலாற்று வாத்தியாரைக் கேட்டால் வரலாறுதானே பதிலாக வரும்! நான் ஆரம்பிப்பதற்குள் ஆரணி பஸ் வந்துவிட்டது. மீதி இங்கே.

நோக்கியாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம். 2006 தொடக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி ஆரம்பம். 2011-க்குள் அங்கே 50 கோடி போன் செய்துவிட்டார்கள். உச்சத்தில் கம்பெனியின் நேரடி ஊழியர்களே சுமார் 8,000 பேர். பாதிக்கு மேல் இளம்பெண்கள், கிராமத்துப் பிள்ளைகள்.

அந்த வேலை கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. வாசலுக்கு வரும் கம்பெனி பஸ், கேண்டீன் சாப்பாடு, பி.எஃப்., தன் பெயரில் பேங்க் கணக்கு. பிளஸ் டூ முடிந்ததும் மாப்பிள்ளை தேடிய வீடுகளில், "அவளையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்ற பேச்சு வந்தது. அந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்குப் போன என் மாணவிகள் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். தம்பியின் காலேஜ் ஃபீஸை அக்கா கட்டினாள்.

கஷ்டமும் இருந்தது. ராத்திரி ஷிப்ட், நின்றபடியே வேலை, மணிக்கு இத்தனை என்ற கணக்கு. சம்பளத்துக்காக 2009-லும் 2010-லும் வேலைநிறுத்தம் நடந்தது. 2010-ல் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார்.

ஆனால் ஆலையை மூட வைத்தது தொழிலாளிகள் அல்ல. டச் போன் வந்தது, நோக்கியாவின் சந்தை சரிந்தது. 2013-ல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது, சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலையை விட்டுவிட்டது. ஆர்டர் வற்றியது. சுமார் 5,000 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! நான் 58-ல் ஓய்வு பெற்றபோதே ஒரு மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் கற்றதோ ஒரு பாகத்தைப் பொருத்துகிற கைவேலை. அதைச் சொல்லி வேறு எங்கே வேலை கேட்பது? புதிய கம்பெனிகள் பதினெட்டு, இருபது வயதுக்காரர்களைத்தான் தேடின. வரி வழக்கு 2018-ல் சமரசமாக முடிந்தது. கட்டடத்தையும் பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்கிக்கொண்டது.

மறுநாள் அந்த மாணவருக்குப் போன் செய்தேன். "அனுப்புப்பா. ஆனால் ஆர்டரில் கம்பெனி பெயர் இருக்கா, கான்ட்ராக்டர் பெயர் இருக்கா என்று பார். தங்கும் ஹாஸ்டலை நீயே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றேன். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் ஹாஸ்டல் சாப்பாட்டால் ஆஸ்பத்திரிக்குப் போனதும், மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் அவருக்கும் நினைவிருந்தது. அஞ்சல் வழியில் ஒரு டிகிரிக்குப் பணம் கட்டிவிடு என்றும் சொன்னேன்.

"ஷிப்ட் முடிஞ்சு வந்து எப்ப சார் படிப்பா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள்.