பெயின்ட் அடிக்காமல் விட்ட மஸ்டாங்

1968-ல் வெளிவந்த 'புல்லிட்' என்ற ஹாலிவுட் படத்தின் உண்மையான ஹீரோ யார் என்று கேட்டால், பலரும் சொல்வது அந்தக் கரும்பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரைத்தான்! சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடு பள்ளமான தெருக்களில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் துரத்தல் காட்சி அது. ஓட்டியவர் ஸ்டீவ் மெக்வீன். ஆபத்தான காட்சிகளில் மட்டும் ஸ்டன்ட் வீரர்கள் ஓட்டினார்கள்.

படப்பிடிப்புக்கு ஒரே மாதிரி இரண்டு கார்கள். தாவிக் குதித்து அடிபட்ட கார் பழைய இரும்புக்குப் போனது. 2017-ல்தான் அதன் எலும்புக்கூடு மெக்சிகோவில் கிடைத்தது. இன்னொன்று கைமாறிக் கைமாறி, 1974-ல் ஒரு பத்திரிகை விளம்பரம் மூலம் ராபர்ட் கீர்னன் என்பவரிடம் வந்தது. விலை சுமார் 6,000 டாலர். சினிமாவில் பறந்த கார், அதன்பின் அவர் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்வரும் வண்டி ஆனது!

1977-ல் மெக்வீனே கடிதம் எழுதிக் காரைத் திருப்பிக் கேட்டார். கீர்னன் கொடுக்கவில்லை. 1980-ல் கிளட்ச் போனது. கார் ஓரம் கட்டப்பட்டது. அதே வருடம் மெக்வீனும் காலமானார்.

அதன்பின் முப்பது வருடங்களுக்கு மேல் அந்தக் கார் சாலைக்கு வரவில்லை. குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போனபோது அதுவும் கூடவே போனது. 2014-ல் ராபர்ட் இறந்தார். காரை ஓட வைக்கும் பொறுப்பு மகன் ஷான் கைக்கு வந்தது.

நீண்ட நாள் நின்ற காரில் சாவியைத் திருப்பினால் போதும் என்று நினைத்தால் தவறு. டாங்கியில் இருக்கும் பெட்ரோல் கெட்டுப் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து உள்ளே துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போகலாம். இவற்றைச் சரி செய்யாமல் சாலைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் இங்கே பழமைக்கு மரியாதை கிடையாது.

ஆனால் வெளித்தோற்றம்? இங்கேதான் ஷான் எடுத்த முடிவு முக்கியமானது. இயந்திரத்தைச் சரி செய்தார், பெயின்ட் அடிக்கவில்லை! துரு, நசுங்கல், மங்கிய பச்சை எல்லாம் அப்படியே இருந்தன. படப்பிடிப்பில் கேமரா பொருத்துவதற்காக அடியில் வெல்டிங் செய்திருந்த தாங்கிகளையும் யாரும் அறுத்து எடுக்கவில்லை. இதுதான் 'புல்லிட்' கார் என்பதற்கு அவையே சாட்சி. புத்தம் புதிதாக மாற்றியிருந்தால், அந்தச் சாட்சிகளில் பாதி குப்பைக்குப் போயிருக்கும்.

2018 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அது உலகத்துக்குக் காட்டப்பட்டது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலம் போனது. கட்டணங்கள் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர்!

பழைய காரை மீட்பவர்கள் எல்லோருக்கும் இதே கேள்வி வரும். எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது? ஓடுவதற்குத் தேவையானதை மாற்றித்தான் ஆக வேண்டும். மற்றதில் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், ஐம்பது வருடக் கீறலை மறுபடி வாங்க முடியாதே!