வாதம் என்னும் சொல்லும் மருத்துவ அறிவுப் பகிர்வும்

சித்த வைத்தியத்தில் ‘வாதம்’ முக்குற்றங்களுள் ஒன்று. முடக்குவாதம் என்னுமிடத்து அது மூட்டுநோய். பாரிசவாதம் என்னுமிடத்து உடலின் ஒருபுறம் செயலிழத்தல். கொட்டாஞ்சேனையில் நாட்டு மருந்து உண்டுவந்த ஒருவர் ‘வாதம்’ என்று மட்டும் கூறி ஆங்கில வைத்தியரை அடைவாராயின், அவர் எதனைக் குறித்துக்கொள்வது? முன்னையது பல்லாண்டு நீடிப்பது. பின்னையதிற் சில மணி நேரத் தாமதமே உயிரைக் கொள்ளக்கூடும்.

இவ்விரு மருத்துவங்களுக்குமிடையே தமிழிற் பாலமிட முயன்றோருள் முதன்மையானவர் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த அவர், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அம்முயற்சியின் பேறுகள். தமிழ்ச் சொல்லையும் வடசொல்லையும் ஆங்கில ஒலிபெயர்ப்பையும் அவர் தயங்காது கையாண்டார். ‘கெமிஸ்தம்’ இன்று நகைப்பூட்டலாம். ஆயின் அதனைப் படித்தோர் நோயாளருடன் தமிழில் உரையாடவல்ல வைத்தியராயினர். 1870இற் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியோ ஆங்கிலத்தையே கைக்கொண்டது. 1873இற் கிறீன் தாயகம் திரும்பியபின் அவர் முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை.

சுதந்திரத்தின்பின் அரசகரும மொழித் திணைக்களம் கொழும்பிலிருந்து சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவை பெரும்பணியே. எனினும் சொற்றொகுதி சொல்லுக்குச் சொல் தருவது. பொருள்களுக்கிடையேயுள்ள உறவைக் கூறுவதன்று. நம் பாடநூல்களிற் ‘கலம்’ எனப்படுவது தமிழகத்திற் ‘செல்’ அல்லது ‘உயிரணு’. பௌதிகவியல் மாணவனுக்கோ ‘கலம்’ மின்னைத் தருவது!

கணினியியலார் ‘ஒன்டோலொஜி’ என வழங்கும் கருத்துறவுத் தொகுதி இக்குறையை வேறுவழியில் அணுகுகிறது. 2002இல் வெளிவந்த ‘ஸ்னோமெட் சீற்றீ’ இதற்குத் தக்க சான்று. அதிற் சொல்லுக்கன்றிக் கருத்துக்கே எண் வழங்கப்படும். நுரையீரல் அழற்சி அழற்சியின் ஒருவகை, அதன் இடம் நுரையீரல் என்னும் உறவுகளும் உடன் பதியப்படும். எம்மொழிப் பெயரையும் அவ்வெண்ணோடு பிணைக்கலாம். ஆய்வுகூடத்தார், மருந்தாளர், வைத்தியர் ஆகியோரின் பதிவுகள் தம்முள் ஒத்திசைவதற்கு இதுவே வழி.

சித்த, ஆயுர்வேத, யுனானி நோய்ப்பெயர்களும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாட்டில் ஒரு பிரிவாக இடம்பெற்றுள்ளன. ஆயினும் அவை மேலைமருத்துவ நோய்களினின்றும் வேறாகவே நிறுத்தப்பட்டுள்ளன. அவ்வாறு நிறுத்தியது முறையே. முக்குற்றத்துள் ஒன்றான வாதத்தை நரம்பு நோயொன்றின் பெயராக மாற்றிவிடின் சித்தமும் கெடும், மருத்துவமும் கெடும். இரண்டும் எவ்விடத்துச் சந்திக்கின்றன, எவ்விடத்துப் பிரிகின்றன என்பதை உரைக்கும் பணி, இரு நூன்மரபுகளையும் தமிழிற் கற்றவர்க்கே உரியது.