குஞ்சு பொரிப்பான்

அடைக்கோழியின் வேலையைச் செய்யும் பெட்டிக்குக் குஞ்சு பொரிப்பான் என்று பெயர். பண்ணைக்காரர்கள் பேச்சில் இது இன்குபேட்டர்தான்; பாடநூல்களில் அடைகாப்பான் என்றும் வரும். கோழிமுட்டை குஞ்சாவதற்கு 21 நாள். அதுவரை சூடு, ஈரம், காற்று, புரட்டல் ஆகிய நான்கும் முட்டைக்குக் கிடைத்தாக வேண்டும். சூட்டை உண்டாக்க ஒரு விளக்கு போதும், கொஞ்சம் சாண எரு போதும். அதைக் கூடாமல் குறையாமல் நிறுத்தி வைப்பதுதான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதரைப் படுத்தி எடுத்தது. பொரிப்பானின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தப் போராட்டத்தின் வரலாறே.

கோழி இதை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு மார்புச் சிறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையைத் தொடும். அலகாலும் காலாலும் முட்டைகளை அடிக்கடி புரட்டும். ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கு இழுக்கும். நாளுக்கு ஒருமுறை எழுந்து தீனி, தண்ணீர், எச்சம் எல்லாம் கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டு திரும்பிவிடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடை வைப்பவர்கள் கூடையிலோ மண்சட்டியிலோ மணலோ வைக்கோலோ பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டை வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று ஓர் இரும்புத் துண்டும் இரண்டு கரித்துண்டும் கூடவே போடுவது வழக்கம். கரு கூடாமல் அழுகிப்போன முட்டை கூமுட்டை. கூழ்முட்டை என்பதுதான் தேய்ந்து அப்படி ஆயிற்று. மனிதரைத் திட்டவும் அது பயன்படுவது முட்டையின் குற்றமல்ல.

எகிப்தின் அடுப்புகள்

கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கும் வித்தையைத் தொழிலாக்கியவர்கள் எகிப்தியர். எகிப்தில் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிக்கிறார்கள் என்று பொ.ஆ.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதிவிட்டார். 1200-ஐ ஒட்டி எகிப்தில் வாழ்ந்த பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப், பொரிக்கும் கட்டடத்தின் அமைப்பையும் வேலை முறையையும் விரிவாகப் பதிந்திருக்கிறார்.

கட்டடம் களிமண் செங்கல்லால் ஆனது. நடுவே ஒரு நடை. அதன் இருபுறமும் சிறு அறைகள். ஒவ்வோர் அறையும் இரண்டு அடுக்கு. கீழடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டை. மேலடுக்கில் எருவும் வைக்கோலும் புகைந்துகொண்டிருக்கும். ஆள் தவழ்ந்து உள்ளே போய் நாளுக்குப் பலமுறை முட்டைகளைப் புரட்ட வேண்டும். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிப் பார்ப்பார்கள். இமைத்தோல் மெல்லியது, சூட்டின் சிறு வேறுபாட்டையும் உணரும். பாதி நாள் கடந்ததும் நெருப்பை அணைத்துவிட்டு முட்டைகளில் ஒரு பகுதியை மேலடுக்குக்கு மாற்றுவார்கள். இது இந்தத் தொழிலின் உச்ச நுட்பம். வளர்ந்த கரு தானே சூடு விடும். அந்தச் சூடே மிச்ச நாளுக்குப் போதும். சீனத்தில் வறுத்த நெல்லின் சூட்டைக்கொண்டும், வங்கதேசத்தில் உமியும் பஞ்சுப் போர்வையும் கொண்டும் வாத்துக்குஞ்சு பொரித்தவர்கள் இதே சூத்திரத்தைத்தான் பிடித்திருந்தார்கள்: மூத்த முட்டை இளைய முட்டைக்கு அடுப்பு.

நைல் கழிமுகத்திலிருந்த பெர்மே என்ற ஊரார் இந்த வித்தையைத் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே சொல்லிக்கொடுத்தார்கள் என்பது 18-ஆம் நூற்றாண்டுப் பயணிகளின் செய்தி. பொரிப்பவருக்கும் முதலாளிக்கும் இருந்த கணக்கையும் அவர்கள் குறித்து வைத்தார்கள்: 45,000 முட்டை கொடுத்தால் 30,000 குஞ்சு திரும்பி வர வேண்டும். மூன்றில் இரண்டு. அதற்கு மேல் பொரிந்தது பொரித்தவருக்கு. கண்ணிமையை மட்டும் நம்பி இப்படி ஒப்பந்தம் போட முடிந்தது என்றால், கைத்திறமை எவ்வளவு உறுதியாக இருந்திருக்க வேண்டும்! எருவுக்குப் பதில் மண்ணெண்ணெய் விளக்கு வந்த பின்னரும் இந்த அடுப்புகள் எகிப்தில் ஓய்ந்துவிடவில்லை.

சூட்டுக்குக் கடிவாளம்

ஐரோப்பாவுக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. அதனால் கைக்குப் பதிலாக ஒரு கருவியைத் தேடினார்கள். முதலில் கண்டவர் டச்சுக்காரர் கொர்னேலிஸ் டிரெபெல் (1572–1633). பெட்டியைச் சுற்றி நீர், நீருக்குள் சாராயம் நிரப்பிய கண்ணாடிக் குழல், அதன் முனையில் பாதரசம். சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கோலை உயர்த்தும். கோல் அடுப்பின் காற்றுவழியை மூடும். நெருப்பு தணியும். குளிர்ந்தால் எல்லாம் தலைகீழ். தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் பொறிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பெட்டியை முன்வரிசையில் வைப்பதுண்டு. முட்டைக்காகப் பிறந்த எண்ணம் அது என்று சொல்லிவிட முடியாது. டிரெபெல் ரசவாதி, தம் உலைகளுக்கும் அதையே பூட்டினார்.

பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் வேறு வழியில் போனார். தம் பெயரால் வழங்கும் வெப்பமானியை உருவாக்கியவர் அவர். எனவே இமையை விட்டுவிட்டு அளவை நம்பினார். பீப்பாயைச் சாணக் குவியலில் புதைத்து உள்ளே முட்டைக் கூடைகளைத் தொங்கவிட்டார். சூடு சரியாக இருந்தும் கருக்கள் செத்தன. சாணத்தின் ஈர ஆவிதான் எமன் என்று கண்டுகொள்ள நாளாயிற்று. பிறகு ரொட்டி சுடும் அடுப்புக்கு மேலுள்ள அறையின் இலவசச் சூட்டையும் முயன்றார். 1749-இல் இதையெல்லாம் ஒரு நூலாக வெளியிட்டார். எகிப்து தன் பிரமிடுகளைவிட இந்த அடுப்புகளுக்காகத்தான் பெருமைப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. முட்டைக்குச் சூடு மட்டும் போதாது, அது மூச்சும் விட வேண்டும் என்பது அவருடைய தோல்விகளில் கிடைத்த பாடம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே காற்று உள்ளே போகிறது, நீராவி வெளியே வருகிறது.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன்மேன் என்ற பிரெஞ்சுக்காரர் குழாய்களில் சுடுநீரை ஓடவிட்டுக் குஞ்சு பொரித்தார். 1881-இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஹியர்சன், எளிதில் ஆவியாகும் திரவத்தை மெல்லிய உலோகச் சிமிழில் அடைத்தார். சூட்டில் சிமிழ் உப்பி நெம்புகோலைத் தள்ளும், விளக்கின் சூடு வேறு வழியாகப் போய்விடும். உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்தச் சிமிழ்தான் பொரிப்பானை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஈதர் நிரப்பிய அதன் வாரிசுகள் சிறிய பெட்டிகளில் மிக அண்மைக்காலம் வரை வேலை செய்தன.

இந்த வரலாற்றின் ஒரு கிளை கோழியை விட்டு வெகுதூரம் போய்விட்டது. பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்தெபான் தார்னியே அந்நகரின் உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டார். அதை அமைத்த ஒடீல் மார்த்தேன் என்பவரைக் கொண்டே குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு பெட்டி செய்வித்து, 1880-இல் தம் மருத்துவமனையில் வைத்தார். இன்று மருத்துவமனைகளில் ‘குழந்தையை இன்குபேட்டரில் வைத்திருக்கிறார்கள்’ என்று சொல்லும்போது அந்தச் சொல் கோழிக்கூட்டிலிருந்து வந்தது என்பது யாருக்கும் நினைவு வருவதில்லை.

கலிபோர்னியாவின் பெடலூமா நகரில் 1879-இல் லைமன் பைஸ், ஐசக் டயஸ் என்ற பல் மருத்துவருடன் சேர்ந்து விற்பனைக்கேற்ற பொரிப்பானைச் செய்தார். சில பத்தாண்டுகளில் அந்த ஊரே உலகின் முட்டைக்கூடை என்று தன்னை அழைத்துக்கொண்டது. பெட்டி பெரிதானபோது புதிய சிக்கல் முளைத்தது: சூடான காற்று மேலே தேங்கியது, கீழ்த்தட்டு முட்டைகள் குளிர்ந்தன. விசிறியால் காற்றைச் சுழலவிட்ட பின்பே ஓர் அறைக்குள் ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்க முடிந்தது. மைலோ ஹேஸ்டிங்ஸ் 1911-இல் இதைச் செய்து பார்த்தார். சாமுவேல் ஸ்மித் 1918-இல் காப்புரிமை வாங்கினார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1935-இல் ஸ்மித்துக்குச் சாதகமாக முடிந்தது. ஸ்மித்தின் அறையிலும் வெவ்வேறு வயது முட்டைகள் ஒன்றாக இருந்தன; மூத்தவற்றின் சூட்டை விசிறி இளையவற்றிடம் சேர்த்தது. பெர்மே ஊராருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்கள். 1922-இல் ஒஹாயோவின் ஐரா பீட்டர்சைம் முழுவதும் மின்சாரத்தில் இயங்கும் பொரிப்பானைக் கொண்டுவந்தார்.

அடை மறந்த கோழி

இயந்திரம் கோழியையும் மாற்றியது. அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது. குஞ்சோடு திரியும் மாதங்களிலும் இடாது. பொரிக்க வேறு வழியில்லாதவரை இதைப் பொறுத்துக்கொண்டார்கள். பெட்டி வந்தபின் அடை ஒரு குறையாகத் தெரிந்தது. அடைக்கு உட்காராத கோழிகளாகப் பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள்; வெள்ளை லெகார்ன் போன்ற முட்டைக்கோழிகளில் அந்தக் குணம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் கோழிகள் இந்த வழி வந்தவை. அவற்றின் குஞ்சுகள் பொரிப்பகங்களிலிருந்து ஒருநாள் வயதில் வருகின்றன. பொரிந்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள்கரு மிச்சம் இருப்பதால் இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் பயணம் தாங்கும். அந்தக் கூண்டுகளில் சேவல் கிடையாது. ஆகவே கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை எந்தப் பெட்டியில் வைத்தாலும் கூமுட்டைதான் மிஞ்சும்.

நாட்டுக்கோழி இன்னும் மறக்கவில்லை. சிறுவிடையும் பெருவிடையும் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பது, மூக்குத்துளையில் இறகைச் செருகி விடுவது என்று அடையைக் கலைக்க ஊர்களில் வைத்தியங்கள் இருந்தன. இப்போது முட்டையை அன்றன்றே எடுத்துப் பெட்டியில் வைக்கிறார்கள்.

வீட்டுப் பெட்டி

தெர்மாகோல் பெட்டி, ஒன்றிரண்டு குண்டு பல்பு, கணினியிலிருந்து கழற்றிய விசிறி, எண் காட்டும் தெர்மோஸ்டாட், ஒரு கிண்ணம் தண்ணீர். தமிழ்நாட்டில் வீட்டில் செய்யும் பொரிப்பானின் சாமான் இவ்வளவுதான். டிரெபெலின் பாதரசம் செய்த வேலையை விரல் நகமளவு உணரி செய்கிறது.

விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் வைக்க வேண்டும். விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து ஒரு டிகிரி கூட்டலாம். முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு, கடைசி மூன்று நாள் 65-க்கு மேல். முட்டையை நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்ட வேண்டும். ஒற்றைப்படையாகப் புரட்டினால் இரவு முழுவதும் ஒரே பக்கம் கிடக்கும் நிலை தினமும் மாறும். புரட்டாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். வைக்கும் முட்டை இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாமலும், கழுவப்படாமலும் இருக்க வேண்டும்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்க்கலாம். கரு கூடியிருந்தால் சிலந்திக் கால்போலச் செந்நரம்புகள் தெரியும். வெறுமையாக இருந்தால் எடுத்துவிடலாம். மின்வெட்டு எல்லோருக்கும் பயம். ஆனால் சூடு குறைவதைக் கரு ஓரளவு பொறுக்கும். தாய்க்கோழியும் தீனிக்கு எழுந்து போகத்தானே செய்கிறது? பெட்டியைக் கம்பளியால் மூடினால் ஒரு மணி நேரம் சமாளிக்கலாம். பொறுக்காதது அதிகச் சூடு. 40-ஐத் தாண்டிச் சிறிது நேரம் நின்றாலே கருக்கள் சாகத் தொடங்கும்.

18-ஆம் நாள் புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும். குஞ்சு முதலில் முட்டைக்குள்ளிருக்கும் காற்றறைச் சவ்வைக் கிழித்து மூச்சு வாங்கும். பிறகு அலகு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டில் பொத்தல் போடும். பொத்தல் போட்ட பின் 12 மணி நேரம், சிலசமயம் ஒரு நாள்கூட அசையாமல் கிடக்கும். முதல்முறை பொரிப்பவர் பதறி மூடியைத் திறப்பதும் ஓட்டை உரிக்கப் போவதும் இங்கேதான். மூடியைத் திறந்ததும் ஈரம் வெளியேறிச் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் குஞ்சு மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டும், சவ்வின் நாளங்களிலிருந்து இரத்தத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டும் இருக்கிறது. முன்னதாக உரித்தால் இரத்தம் கசியும்.

வெளியே வந்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். பல்பு தொங்கவிட்ட அட்டைப்பெட்டி அதற்குப் போதும். வீட்டில் அடைக்கோழி ஒன்று இருந்தால் பல்பு தேவையில்லை. பொரிந்த குஞ்சுகளை இரவில், கோழி கண் மூடியிருக்கும் நேரம், அதன் சிறகுக்கடியில் ஒவ்வொன்றாகச் செருகி விடுவார்கள். பெரும்பாலான கோழிகள் விடிந்ததும் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேயப் போய்விடும்.