எந்த வருஷத்துக் கச்சேரி?

எனக்கும் என் தமக்கை மகனுக்கும் பல வருஷங்களாக ஒரு வழக்கு. சொத்துத் தகராறு அல்ல. அமெரிக்காவில் 'கிரேட்ஃபுல் டெட்' என்று ஒரு வாத்தியக் கோஷ்டி இருந்தது. அவர்களுடைய கச்சேரிகளில் எந்தக் காலத்தவை உயர்ந்தவை என்பதுதான் வழக்கு. அவன் கட்சி 1977. என் கட்சி 1972.

கோஷ்டி 1965-ல் கலிபோர்னியாவில் ஐந்து இளைஞர்களோடு ஆரம்பமாயிற்று. பெயரை ஓர் அகராதியைப் புரட்டிக் கண்டெடுத்தவர் கிதார்க்காரர் ஜெர்ரி கார்ஸியா. கதை எழுதுகிறவனுக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் இராது. கடன்காரர்கள் மறித்ததால் அடக்கமாகாமல் கிடக்கிறது ஒரு பிணம். வழிப்போக்கன் ஒருவன் கைப்பணத்தைக் கொடுத்து அதை அடக்கம் செய்விக்கிறான். பிறகு செத்தவனே நன்றியோடு வந்து அவனுக்கு உதவுகிறான். பல தேசங்களில் வழங்கும் இந்த நாடோடிக் கதையின் பெயரைத்தான் கோஷ்டிக்கு வைத்துக்கொண்டார்கள்.

முப்பது வருஷங்களில் சுமார் 2,300 கச்சேரிகள். ஒருநாள் வாசித்ததுபோல மறுநாள் வாசிப்பதில்லை. 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு 1968-ல் வந்த சிறு தட்டில் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துபோகிறது. அடுத்த வருஷம் மேடையில் பதிவு செய்து வெளியிட்ட 'லைவ் டெட்' தட்டில் அதுவே 23 நிமிஷம். ஆகையால் இன்ன பாட்டு என்று சொன்னால் போதாது. இன்ன தேதி என்றும் சொல்லியாக வேண்டும்.

அந்த 1969-ஆம் வருஷத்துக்கும் பக்தர்கள் உண்டு. அதே தட்டில் 11 எண்ணிக்கைத் தாளத்தில் ஓர் உருப்படி இருக்கிறது. கோஷ்டியில் இரண்டாவது டிரம் வாசித்த மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். (இதே ஹார்ட் 1991-ல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தட்டில் நம்முடைய கடம் விநாயக்ராம் வாசித்திருக்கிறார்.) ஆனாலும் 1969-ஐ நான் ஒரே மூச்சில் கேட்கமாட்டேன். இளமை முறுக்கு அதிகம், மூச்சு முட்டுகிறது.

மருமான் கட்சிக்குப் பலமான சாட்சி, 1977 மே 8-ஆம் தேதி கார்னெல் சர்வகலாசாலையின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி. மே மாதத்தில் பனி பெய்த இரவு அது. வாசிப்பில் பிசிறே இல்லை. ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குள் நழுவுகிற இடத்தில், எப்போது கதவு திறந்தது என்றே தெரியாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், போற்றிக் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011-ஆம் வருஷத்துப் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொண்டது.

"அப்புறம் என்ன, மாமா? சர்க்காரே தீர்ப்புச் சொல்லிவிட்டது!" என்பான் அவன்.

என் ஆட்சேபணை, அந்தக் கீர்த்தியில் பாதி ஒலிப்பதிவு செய்தவரைச் சேர்ந்தது என்பதுதான். அவர் பெட்டி கான்டர் என்ற பெண்மணி. அவர் எடுத்த நாடாக்களை ரசிகர்கள் 'பெட்டி' நாடாக்கள் என்றே சொல்வார்கள். (நம் காதில் இது சிலேடையாக விழுந்தால் அவர் பொறுப்பல்ல.) ஒவ்வொரு வாத்தியமும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்கும். கஷ்ட காலத்தில் அவரால் கிடங்கு வாடகை கட்ட முடியாமல் போய், நாடாக்கள் 1986-ல் ஏலத்துக்கு வந்தன. முன்பின் தெரியாதவர்கள் பணம் கொடுத்து எடுத்தார்கள். வழிப்போக்கன் கதைதான், பாருங்கள்! பிரதிக்குப் பிரதியாக அவை ரசிகர் கைகளில் பரவின. காசுக்கு விற்பதில்லை என்பது ரசிகர்களுக்குள் ஒரு தர்மம். 1984-லிருந்து, சபையில் பதிவுக்காரர்களுக்கென்று கோஷ்டியே தனி இடம் ஒதுக்கியிருந்தது. கார்னெல் கச்சேரி 2017-ல்தான் முறைப்படி தட்டாக வந்தது. அதற்குள் அதைக் கேளாத ரசிகன் இல்லை. மங்கலாகப் பதிவான எத்தனை நல்ல இரவுகள் இந்தப் போட்டியில் தோற்றனவோ!

1972-ல் ஹார்ட் கோஷ்டியில் இல்லை. ஒரே டிரம், அதனால் வாத்தியங்களுக்கு நடுவே காற்றோட்டம் உண்டு. ஆகஸ்டில் ஆரெகான் மாகாணத்தில், பண நெருக்கடியிலிருந்த ஒரு பால்பண்ணைக்காக நிதிக் கச்சேரி செய்தார்கள். தயிர் லேபிளையே டிக்கெட்டாக அச்சடித்தார்களாம். வெயிலில் தந்திகள் சுருதி விலகுகின்றன. பதிவில் அது தெரிகிறது. அதற்கப்புறம் சுமார் அரைமணி நேரம் 'டார்க் ஸ்டார்'! சுருதி சுத்தம் பார்க்கிற நானே அதை மன்னித்துவிட்டேன்.

ஆனால் என் கட்சிக்கு ஆதாரம் அதுவும் அல்ல. அந்த வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவில் 22 கச்சேரிகள் செய்தார்கள். ஆதி நாளிலிருந்து கூட இருந்த பிக்பென் என்ற பாடகர், முந்தின வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர், அவற்றிலும் பாடுகிறார். ஜூன் 17-க்குப் பிறகு அவர் கோஷ்டியோடு மேடை ஏறவில்லை. 1973 மார்ச்சில், 27-வது வயதில் காலமானார். ஐரோப்பியக் கச்சேரிகள் முழுவதும் 2011-ல் 73 தட்டுகளாக வெளிவந்தபோது மருமான்தான் எனக்கு வாங்கி அனுப்பினான். அந்த வருஷம் என் மனைவி படுக்கையில் இருந்தாள். இரவில் அவளுக்குத் தூக்கம் வராது, எனக்கும் வராது. சத்தத்தைக் குறைத்து வைத்து, வரிசையாகக் கேட்டோம். பிக்பென் பாட்டு முடிகிற இடத்தில், "இந்தப் பையனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறதே" என்றாள் ஒருநாள். நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிந்திய காலத்தைப் பற்றி எங்களுக்குள் சண்டை இல்லை. 1987-ல் ஒரு பாட்டு பிரமாதமாக விற்று, கூட்டம் மைதானங்களை நிரப்பிற்று. கார்ஸியாவின் குரல் தேய்ந்தது. 1990 மார்ச்சில் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் சாக்ஸபோனுடன் வந்து சேர்ந்துகொண்ட இரவு மட்டும் எனக்குப் போதும். 1995 ஆகஸ்டு 9-ல் கார்ஸியா காலமானார்.

மருமான் போன மாதம் வந்திருந்தான். கார்னெலை மறுபடி போட்டான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "சரி, மாமா, ஐரோப்பாவையே போடுங்கள்" என்றான். எந்த ஊர்க் கச்சேரி என்று நான் தேடுவதற்குள், பிக்பென் பாடுகிற தட்டாக அவனே எடுத்துக் கொடுத்தான்.