விகாஸ் கிருஷன்: நாம் கவனிக்காமல் விட்ட 75 கிலோ வீரர்



நேற்று மாலை சுண்ணாம்பாற்றுப் பாலத்துப் பக்கம் நடக்கையில் பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்தினான். பேச்சு குத்துச்சண்டைக்குப் போனது. "நம்ம நாட்டுல பெரிய ஆள்னா விஜேந்தர்தான் சார்" என்றான். மறுக்கவில்லை. 2008 பெய்ஜிங்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கியவர்; குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஆனால் அதே எடையில் பிறகு வந்த விகாஸ் கிருஷன் பெயரைச் சொன்னதும் "யாரு சார் அது?" என்றான்.

ஹரியானாக்காரர். 18 வயதில், 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 60 கிலோவில் தங்கம். மறு ஆண்டே 69 கிலோவில் உலகப் போட்டி வெண்கலம்.

பிறகு 2012 லண்டன். எதிரே அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸ். நம்மூரில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, விழித்திருந்து பார்த்தேன். 13-11, விகாஸ் வெற்றி. காலையில் பால் வாங்கப் போன இடத்தில் டீக்கடை முழுக்க நான்தான் சேதி சொன்னேன். வீடு திரும்பி டிவியைப் போட்டால் முடிவு மாறியிருக்கிறது! அமெரிக்கா முறையிட, மூன்றாம் சுற்றில் மட்டும் ஒன்பது முறை கட்டிப்பிடித்தார், இரண்டாம் சுற்றில் பல்கவசத்தை வேண்டுமென்றே துப்பினார் என்று சொல்லி ஸ்பென்ஸுக்கு நான்கு புள்ளி கூட்டியிருந்தார்கள். 15-13. இந்தியா விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயும் பலிக்கவில்லை. பிறகு அந்தச் சண்டையை நிதானமாகப் பார்த்தேன். கட்டிப்பிடித்தது உண்மைதான். ஆனால் மேடையில் நடுவர் தண்டிக்காததை, வென்றவர் தூங்கப் போன பிறகு தண்டிப்பது என்ன முறை? எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த ஸ்பென்ஸ்தான் 2017-இல் தொழில்முறை உலகச் சாம்பியன் ஆனார்.

விகாஸ் 75 கிலோவுக்கு ஏறினார். எடை கூடினால் எதிரே நிற்பவரின் உயரமும் கையின் நீளமும் கூடும். அங்கே புதிதாகத்தான் தொடங்க வேண்டும். 2014 இஞ்சியோனில் வெண்கலம். அரையிறுதியில் அவரை வென்ற கஜகஸ்தானின் ஜானிபெக்கும் பின்னாளில் உலகச் சாம்பியன். 2016 ரியோவில் காலிறுதியோடு சரி. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் கேமரூன் வீரரை வென்று தங்கம். ஆசியப் போட்டி, காமன்வெல்த் இரண்டிலும் தங்கம் வென்ற முதல் இந்திய ஆண் குத்துச்சண்டை வீரர் அவர்தான். அதே ஆண்டு ஜகார்த்தாவில் கண்ணருகே கிழிந்து, அரையிறுதியில் மேடையேற மருத்துவர்கள் விடவில்லை. வெண்கலம். தொடர்ந்து மூன்று ஆசியப் போட்டிகளில் பதக்கம்.

2021 டோக்கியோவில் மறுபடி 69 கிலோ. தோள் காயத்தோடு ஏறி, முதல் சண்டையிலேயே ஜப்பானின் ஒகசாவாவிடம் 0-5.

எல்லாவற்றையும் பாலத்து ஓரத்திலேயே சொல்லி முடித்தேன். பையன் கைப்பேசியில் தேடிக்கொண்டே, "ஸ்பென்ஸையா சார் அடிச்சாரு? இதுல தோல்வின்னுதான் போட்டிருக்கு" என்றான்.

"மேடையில 13-11டா" என்றேன்.