பள்ளிக் கடமை யாருடையது?

வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர் ஒருவர் தம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் செல்லுங்கால், தலைமையாசிரியர் முன் கைகட்டி நிற்கின்றார். தாம் கேட்பது ஒரு சலுகை என்றே எண்ணுகின்றார். அவ்வெண்ணம் சரிதானா? மைசூரில் வாழும் நாம், இந்நாட்டின் வரலாற்றையே சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1911-ல் கோபால கிருஷ்ண கோகலே கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவை இந்தியச் சட்டசபையில் கொணர்ந்தார். மறு ஆண்டே அது தோல்வியுற்றது. ஆயின் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரசராகவும், விசுவேசுவரய்யா திவானாகவும் விளங்கிய மைசூர் சமஸ்தானம், 1913-ல் ஆரம்பக் கல்விச் சட்டம் இயற்றியது. சென்னை மாகாணத்தின் சட்டமோ 1920-ல்தான் வந்தது. போற்றத்தக்க செயலே! எனினும் அந்நாளைய கட்டாயக் கல்வி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையைப் பெற்றோர் மீதே சுமத்தியது. பிள்ளைக்குரிய உரிமை என்ற எண்ணம் அதன் பின்னரே வளர்ந்தது.

அவ்வளர்ச்சியில் ஒரு பெரும்படி, கருநாடகத்தில் எழுந்த வழக்கினால் அமைந்தது. உத்தரப் பிரதேசத்து மாணவி ஒருவர் இங்குள்ள தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் நாடினார். வெளி மாநிலத்தார் ஆண்டுக்கு ரூ. 60,000 வரை செலுத்த வேண்டுமென்று விதி இருந்தது. 1992-ல் உச்ச நீதிமன்றம், கல்வி என்பது உயிர் வாழும் உரிமையோடு பிணைந்தது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு, 14 வயது வரையிலான கல்வியே அடிப்படை உரிமை என அது வரையறுக்கப்பட்டது. 2009-ல் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அக்கடமையை அரசின் தோளில் வைத்தது.

ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மனோர்க்கு அச்சட்டத்தில் ஒரு விதி முக்கியமானது. மாநிலம் மாறி வரும் பிள்ளை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியிலோ இடம் கோரலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாயிற்று என்று கூறி, சேர்க்கையை மறுத்தலோ தள்ளிப்போடுதலோ கூடாது. பிள்ளையை அடித்தலும் மனம் புண்படுத்துதலும் அச்சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளன.

ஆசிரியர் நிலை என்ன? வேலை என்று பறிபோகுமோ என அஞ்சும் ஆசிரியர், பிள்ளைக்காகப் பரிந்து பேசுவது எங்ஙனம்? 1975-ல் கருநாடகம் தனியார் கல்வி நிலையங்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. அப்பாதுகாப்பு, 1995-ல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டத்திலும் தொடர்கின்றது. விசாரணையின்றிப் பணியாளரை நீக்குதல் கூடாது. நீக்கப்பட்டவர் மூன்று திங்களுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

இனித் தாய்மொழிக்கு வருவோம். 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு நெறி வகுத்தனர். பள்ளியில் 40 பேரோ, வகுப்பில் 10 பேரோ சிறுபான்மை மொழியினராயின், தொடக்க நிலையில் அம்மொழியில் கற்பிக்க ஆசிரியர் அமர்த்தல் வேண்டும் என்பதே அது. 1956-ல் அரசியலமைப்பில் 350-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. ‘முயல வேண்டும்’ என்ற சொல்லை நாம் நன்கு நோக்க வேண்டும். ‘தந்தே தீர வேண்டும்’ என்பதற்கும் அதற்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. எத்தனையோ தமிழ் வகுப்புகள் அப்பள்ளத்தில் விழக்கூடும்.

2014-ல், கருநாடகத்தின் மொழிக் கொள்கை பற்றிய வழக்கில், ஐவர் அமர்ந்த உச்ச நீதிமன்ற ஆயம், பிள்ளையின் தாய்மொழி எதுவெனக் கூறும் உரிமை பெற்றோருடையது என்றது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கற்கும்படி அரசு கட்டாயப்படுத்த இயலாது என்றும் கூறியது. ஆகவே, தமிழ் வேண்டும் என்று சொல்லவேண்டியவர் நாமே. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. நம் தெருவில் பத்துப் பிள்ளைகள் இருப்பின், பத்துப் பெற்றோரும் ஒருங்கே கையொப்பமிட்டு விண்ணப்பம் தருதல் வேண்டும். வாழவைக்கும் மண்ணின் கன்னடத்தையும் நம் பிள்ளைகள் அன்போடு கற்கட்டும். அது தமிழுக்குப் பகையன்று.

1913-ல் கடமை பெற்றோரைச் சார்ந்தது. 2009-ல் அரசைச் சார்ந்தது. தாய்மொழியைப் பொறுத்தவரை, அதில் ஒரு பாதி இன்னும் நம்மிடமே உள்ளது.