சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களும் வகுப்பறை வரலாறும்

சீனன்குடாவில் 11ஆம் தரம் படிக்கும் ஒரு மாணவர் இரண்டாம் உலகப் போரைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார். அந்தப் போரில் பிரித்தானியக் கடற்படைக்கு எரிபொருள் தந்த எண்ணெய்க் குதங்கள் அவரது ஊரிலேயே பற்றைக்காட்டுக்குள் நிற்கின்றன. அந்தப் போரில் தாக்கப்பட்ட விமானத்தளமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பரீட்சைக்கு இவை எதுவும் தேவைப்படாது. ஆண்டுகளும் பெயர்களும் காரணங்களின் பட்டியலும் போதும்.

வரலாறு இலங்கையில் ஒதுக்கப்பட்ட பாடமல்ல. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் அது சமூகக் கல்வி என்ற பாடத்துக்குள் கரைந்தது. 2000களின் நடுப்பகுதிக்குப் பின்னர் மீண்டும் தனிப்பாடமாகி, க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாய பாடமாயிற்று. 10ஆம் தரத்தின் தொடக்கத்திலேயே மூலாதாரங்கள் பற்றிய அலகு வருகிறது. இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என்ற வகைகளை மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். ஒரு மூலாதாரத்தைக் கையில் எடுத்து, "இதை நம்பலாமா?" என்று கேட்கும் பயிற்சி மட்டும் பெரும்பாலும் நடப்பதில்லை.

ஒரு தாக்குதல், பல பதிவுகள்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றைய தினமே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவில் ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மீது விழுந்தது. தீ ஏழு நாட்கள் எரிந்ததாகச் சொல்லப்படுகிறது.

அந்த விமானத்தில் இருந்தவர்கள் வேண்டுமென்றே மோதினார்களா, அல்லது சுடப்பட்டுக் கட்டுப்பாடு இழந்து விழுந்தார்களா? தற்கொலைத் தாக்குதல் என்ற கதைதான் இலங்கையில் பரவலாக வழங்குகிறது. சிலர் அதை "காமிகாசி" என்றும் எழுதுகிறார்கள். ஆனால் ஜப்பான் காமிகாசிப் படைப்பிரிவுகளைப் போரில் இறக்கியது 1944 ஒக்டோபரில்தான். அப்படியானால் 1942இல் நடந்ததற்கு அந்தப் பெயர் எப்போது ஒட்டிக்கொண்டது? விமானிகளின் மனதில் இருந்தது யாருக்குத் தெரியும்? தரையில் நின்று பார்த்தவர் எதைக் காண முடியும், எதை ஊகிக்க மட்டுமே முடியும்?

இந்த நான்கு கேள்விகளையும் வைத்து இரண்டு பாடவேளைகள் நடத்தலாம். ஊரின் பெயரும் அதேபோல் உதவும். தமிழில் சீனன்குடா, சிங்களத்தில் சீன வராய, ஆங்கிலத்தில் சைனா பே. தமிழும் ஆங்கிலமும் குடா என்கின்றன. சிங்களம் துறைமுகம் என்கிறது. பெயர் வந்த காரணத்துக்குப் பல கதைகள் உண்டு. எந்தக் கதைக்கு என்ன சான்று என்று தேடுவதே பாடம்.

கைபேசிக் காலத்தின் தேவை

அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பேர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றாசிரியர்களுக்கும் பாடசாலை மாணவர்களுக்கும் ஒரே ஆவணங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மாணவர்கள் உள்ளடக்கத்தைத் தகவலாக எடுத்துக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர்கள் முதலில் பார்த்தது எழுதியவர் யார், எப்போது, ஏன் எழுதினார் என்பதையே.

அதே வைன்பேர்க் 2017இல் சாரா மெக்ரூவுடன் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு விடயம் தெரிந்தது. இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னபோது வரலாற்றாசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ஏமாந்தார்கள். தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் தப்பினார்கள். அவர்கள் கண்முன் இருந்த பக்கத்தை ஆழமாகப் படித்துக்கொண்டிருக்கவில்லை. உடனே வெளியேறி, அந்தப் பக்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

வட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவும் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படமும் ஒரே வேகத்தில் பரவும் காலத்தில் இரண்டு பழக்கங்களும் வேண்டும். 1942 பற்றி முகநூலில் வரும் ஒரு பதிவைச் சரிபார்க்கப் பழகிய பிள்ளை, நாளை இனக்கலவரத்தைத் தூண்டும் பதிவையும் அதே கண்ணோடு பார்க்கும்.

நமது போர்

1942 தூரத்தில் இருப்பதே அதன் பயன். அதைப் பற்றி விவாதிக்கும்போது வகுப்பில் யாருக்கும் காயம் திறக்காது. அங்கே பழகிய முறையோடுதான் அண்மைக் காலத்துக்கு வரவேண்டும்.

அந்த முறையின் பெறுமதி திருகோணமலைக்குத் தெரியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருப்பதைக் காட்டிய புகைப்படங்கள் அந்தக் கூற்றை உடைத்தன. அவற்றை எடுத்த சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி திருகோணமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதிகாரபூர்வக் கூற்று, அதற்கு எதிரான சான்று, சான்றைத் தந்தவர் கொடுத்த விலை மூன்றும் இந்த ஒரு நிகழ்வில் இருக்கின்றன.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கும் இது புதிதல்ல. எந்தத் திகதி, எந்த இடம், யார் கண்டார், எந்தப் பதிவில் இருக்கிறது என்பதை ஆணைக்குழு ஆணைக்குழுவாகச் சொல்லி வருபவர்கள் அவர்கள். ஒரு தாயின் வாக்குமூலத்தை மாணவர் பதிவு செய்யும்போது, அவர் நேரில் கண்டது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து எழுதுவது அவரது வலியைச் சந்தேகிப்பதாகாது. நாளை இன்னொருவர் மறுக்க முடியாதபடி அதைக் காப்பதாகும்.

திருகோணமலை மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு நினைவு. இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1998இல் தொடங்கிய பிரைம் என்ற அமைப்பில் இஸ்ரேலிய, பலஸ்தீன ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வரலாற்று நூலை உருவாக்கினார்கள். ஒரு பக்கத்தில் ஒரு தரப்பின் வரலாறு, எதிர்ப்பக்கத்தில் மறுதரப்பின் வரலாறு. நடுவில் மாணவர் எழுத வெற்றிடம். இரு தரப்புக் கல்வி அதிகாரிகளும் அதை ஏற்கவில்லை. அந்த நூல் போரை நிறுத்தவுமில்லை. ஆனாலும் இரண்டு கதைகளையும் கலந்து ஒன்றாக்காமல் அருகருகே வைக்க முடியும் என்று அது காட்டியது.

ஒப்பந்தங்களை வாசிக்கும் தலைமுறை

அந்தக் குதங்களின் கதை 1942இல் முடியவில்லை. 1987 இலங்கை இந்திய உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவை இடம்பெற்றன. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. வந்தது. 2022 ஜனவரி உடன்பாட்டில் 99 குதங்கள் பிரிக்கப்பட்டன: ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்த நிலத்தில் வாழப்போகும் பிள்ளைகள் இந்த ஆவணங்களை வாசித்து, யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடங்குவதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. தவணைக்கு ஒரு நிகழ்வு, அதற்கு மூன்று மூலாதாரங்கள் போதும்: ஒரு புத்தகப் பகுதி, ஒரு பழைய படம் அல்லது வரைபடம், ஒரு முதியவரின் நேர்காணல். நேர்காணலில் திகதி, இடம், சொன்னவர் கண்டதா கேட்டதா என்பவற்றைக் குறிக்க வேண்டும். பெயரை வெளியிட அவரது சம்மதத்தையும் பெற வேண்டும். 1942இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1990 இடப்பெயர்வில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.